பழுப்புச் சட்டைக்குள் கால் மணி நேரம்

கடைசிப் பொத்தானையும் போட்டாயிற்று. இனிக் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்க வேண்டியதுதான். கால் மணி நேரம். அதற்குள் அரிக்காவிட்டால் அப்புறம் அரிக்காது என்பது இந்த நான்கு வருஷத்தில் நாச்சிமுத்து தன் உடம்பிடம் அடிபட்டுத் தெரிந்துகொண்ட விஷயம். ஐந்தாவது நிமிஷத்தில் கழுத்தில் ஆரம்பிக்கும், எட்டாவதில் அக்குளுக்கு இறங்கும், பத்தாவதில் முதுகு முழுக்க யாரோ மிளகாயை அரைத்து அப்பிய மாதிரி ஆகிவிடும், அப்புறம் சபையாவது மரியாதையாவது, பிய்த்து எறிந்துவிட்டுத் தண்ணீர் இருக்கிற பக்கம் ஓடவேண்டியதுதான். “அப்பா, போட்டுட்டீங்களா?” திரைக்கு அந்தப் பக்கமிருந்து சங்கவி. “போட்டாச்சு கண்ணு. மணி பாத்துக்க.” “பன்னண்டு இருவது.” அடுத்த வியாழக்கிழமை இவளுக்குக் கல்யாணம். வெயிலில் அலைந்தால் முகம் கறுத்துவிடும் என்று வீட்டுக்குள் வைத்திருக்க வேண்டிய பெண், கத்திரி வெயிலில் திருப்பூரிலிருந்து கோயமுத்தூருக்குப் பஸ் ஏற்றி அப்பனைக் கூட்டி வந்து, யார் யாரோ போட்டுவிட்டுக் கொடுத்த துணிகளை விற்கும் கடையில் நிறுத்தியிருக்கிறாள். பெண்ணுக்குத் தாரை வார்க்கும்போது பெற்றவன் போட்டுக்கொள்ளப் பழைய சட்டை. சொன்னால் சிரிப்பார்கள். சிரித்தால்கூடப் பரவாயில்லை, மூக்கில் விரலை வைப்பார்கள். மங்கல காரியத்துக்குப் போய்ப் பழந்துணியா? ஆனால் புதுத்துணி ஆகாதே. சாயம் ஆகாது. சாயமில்லாத வெள்ளையும் ஆகாது, வெள்ளையில் வெளுப்பு மருந்து இருக்கிறது. எந்தப் புதுத்துணியிலும் கடையில் மொடமொடவென்று மடிப்புக் கலையாமல் நிற்பதற்கென்று ஒன்றைப் போட்டிருப்பார்கள், இருபத்தேழு வருஷம் சாயப்பட்டறையில் நின்ற தோலுக்கு அதையெல்லாம் பெயர் சொல்லிக் கண்டுபிடிக்கத் தெரியும். வேண்டியது மருந்தடிக்காமல் விளைந்த பஞ்சு, சாயத்தொட்டியையே பார்க்காத நூல், அதையும் எவனாவது ஒரு புண்ணியவான் இரண்டு மூன்று கோடை போட்டுத் துவைத்துத் துவைத்துப் பிள்ளை மாதிரி ஆக்கி வைத்திருக்க வேண்டும். அப்படி ஒன்று உலகத்தில் இருக்குமா என்று போன மாசம் கேட்டார். இருக்கிறது என்று சங்கவி போனில் தேடிக் கண்டுபிடித்துவிட்டாள். இதோ, தோளில் கிடக்கிறது. கிடக்கிறதா? கனமே தெரியவில்லை. மனசு துள்ளுகிறது. துள்ளாதே, இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

ஆளுயரக் கண்ணாடியில் ஒரு பழுப்புச் சட்டைக்காரர் நின்றார். நன்றாகத்தான் இருக்கிறார். அரைக்கைச் சட்டை, பனங்கற்கண்டின் நிறம், அதுவும் சாயமில்லை, செடியிலேயே பழுப்பாக வெடிக்கிற பஞ்சாம், அட்டையில் எழுதியிருக்கிறார்கள். திரைக்கு அடியில் காற்று ஜிலுஜிலுவென்று நுழைந்து கணுக்காலைத் தொட்டது. இதுதான் தப்பு. மண்டபத்தில் இப்படிக் காற்று வராது. வீடியோக்காரன் விளக்கை மூஞ்சிக்கு நேராகப் பிடிப்பான், மேடையில் சுற்றி நாற்பது பேர் நெருக்குவார்கள், வேர்வை காதிலிருந்து சொட்டும். வேர்த்தால்தான் துணி வாயைத் திறக்கும், காய்ந்த உடம்பில் எல்லாத் துணியும் சாதுதான். “அம்மிணி, அந்த ஃபேன நிறுத்தச் சொல்லு.” “என்னதுங்கப்பா?” “ஃபேன். எனக்கு வேர்க்கோணும்.” கடைக்காரப் பெண் டெய்சியின் குரல், “அங்கிள், வெளிய முப்பத்தொம்பது டிகிரி.” அதற்கு மேல் ஒரு கனத்த குரல், “ஏனுங், ஒருத்தரு சட்டை போட்டுப் பாக்கறதுக்கு நாங்கெல்லாம் வேகோணுமா?” “கால் மணி நேரந்தானுங்கக்கா,” என்றாள் சங்கவி, “அப்பாவுக்குத் தோல்ல கொஞ்சம் வியாதி மாதிரி.” அடக் கண்ணே, இங்கே போய் அந்த வார்த்தையைச் சொல்வாயா. ஒருவர் போட்ட துணியை இன்னொருவர் போட்டுப் பார்க்கும் இடம். எதிர்பார்த்த மாதிரியே அந்தக் குரல் ஓரடி பின்வாங்கியது. “தொத்துமா?” “தொத்தாதுங்க, சாயப்பட்டறையில இருந்தவரு. சாயம் ஒத்துக்காது, அவ்வளவுதான்.” “சாயப்பட்டறையா? எந்தூருல? திருப்பூரா? எங்க ஊட்டுக்காரரும் பிளீச்சிங்லதானம்மிணி இருந்தாரு, ராத்திரியெல்லாம் பனங்கருக்கு மட்டைய வெச்சுச் சொறிஞ்சுக்குவாரு மனுசன். ஏம்மா டெய்சி, நிறுத்தம்மா அத. வேர்க்கட்டும்.” தடக்கென்று ஃபேன் நின்றது. அந்த அம்மாளை அவர் பார்க்கவில்லை, பார்க்கவும் வழியில்லை, ஆனால் திரையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். கண்ணாடிக்காரரும் கும்பிட்டார். நெற்றியில் முதல் துளி முளைத்தது. வா ராசா, வா, இறங்கு.

போட்டுக்கொள்வதற்கு முன்னால் சட்டையைக் கடைக்கு வெளியே வேப்பமரத்தடிக்குக் கொண்டுபோய், அதன் உள்மடிப்பிலிருந்து ஓர் இழையை உருவித் தீக்குச்சியில் காட்டிப் பார்த்திருந்தார். துணி பருத்தியாக இருக்கும், தைத்த நூல் பாலியெஸ்டராக இருக்கும், ஊரையே ஏய்க்கிற வித்தை அது. பாலியெஸ்டர் என்றால் உருகிக் கறுப்பு மணியாகச் சுருண்டுவிடும். இது காகிதம் மாதிரி எரிந்து சாம்பலாக உதிர்ந்தது, ஊதினால் பறந்தது. சங்கவி கைதட்டினாள், தெருவில் போன இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பொத்தான்கூடச் சிரட்டை. கழுத்துப்பட்டியின் உள்பக்கம் வழவழப்பான லேபிள் கிடையாது, ஒரு துண்டு நாடா, அதில் தைத்தவர் பெயர், ரெஜினா. பெயரைப் போடுகிற கம்பெனி. மாலை ஐந்தரைக்கு மேல் யாரையும் உட்கார்த்தி வைப்பதில்லை, தைத்த பெண்களே பங்குதாரர்கள் என்று டெய்சி சொன்னாள். நம்பலாமா? தையலைப் பார்த்தால் நம்பத்தான் தோன்றுகிறது. ராத்திரிப் பதினொரு மணிக்குக் கப்பலுக்குச் சரக்குப் போகவேண்டும் என்று ஓட்டிய தையல் ஓடுகிற ஆளின் காலடி மாதிரி இருக்கும், ஒன்று நீளம் ஒன்று குட்டை. இது நடந்து போன காலடி. ரெஜினா அம்மா, நீங்கள் யாரோ, இருட்டுவதற்கு முன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருப்பீர்கள், உங்கள் கைக்கு நல்லது. நாச்சிமுத்து கலந்த சாயத்துக்கு மேல் எவன் பெயரும் இருந்ததில்லை. எத்தனை சிவப்பு, எத்தனை கருநீலம். சரக்கு வாங்கும் பையர் அனுப்பிய துண்டுத் துணியை வடக்கு வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இவர் முக்கியெடுத்ததைப் பிடிப்பார், முதல் முக்கிலேயே இரண்டும் ஒன்றாகிவிட்டால் அன்றைக்கு முழுக்கச் சோறு வேண்டாம். அந்தச் சந்தோஷம் பொய்யில்லை. அந்தச் சிவப்பெல்லாம் கப்பலேறி எந்தெந்த ஊரில் எவர் எவர் முதுகில் ஏறியதோ, அங்கேயும் எவனாவது சுவரில் முதுகைத் தேய்த்துக்கொண்டு நின்றானோ. அவன் பெயரும் தெரியாது. அவருடைய கல்யாணத்தன்றே இரண்டு கையும் மணிக்கட்டு வரை நீலம், முந்தின நாள் ஆர்டர், புளி போட்டுத் தேய்த்தும் போகவில்லை. பெண்வீட்டுக் கூட்டத்தில் ஒருத்தி, மாப்பிள்ளை கையில் என்ன, மயில் கழுத்தா என்றாள். மணப்பெண் தெய்வாத்தாள் தலையைக் குனிந்துகொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள், தாலி கட்டும்போதும் அடக்க முடியாமல் சிரித்தாள். சங்கவி சின்னவளாக இருக்கும்போது வாசலில் நின்று அப்பனின் காது மடலைப் பார்த்தே சொல்லிவிடுவாள், இன்னைக்குப் பச்சை. இன்னைக்கு ஆரஞ்சு. “எத்தனை ஆச்சு கண்ணு?” “ஏழு நிமிசம். அரிக்குதுங்களாப்பா?” “பேசாத. பேசுனா அரிக்கும்.”

ஏழு. கழுத்தைத் தாண்டிவிட்டோமா? ஐந்தில் ஆரம்பிக்க வேண்டியது இன்னும் ஆரம்பிக்கவில்லை. பொத்தானில் கட்டியிருந்த சீட்டை எடுத்துப் பார்த்தார். இந்தக் கடையில் அது ஒரு வழக்கம், துணியைக் கொடுப்பவர் எத்தனை கோடை போட்டார், ஏன் கொடுக்கிறார் என்று கைப்பட எழுதித் தரவேண்டும். ‘மூன்று கோடை. தினமும் துவைத்தேன். நான் பெருத்துவிட்டேன், சட்டை பெருக்க மாட்டேன் என்கிறது.’ நல்ல மனுஷன். உயிரோடு இருக்கிறான், அதுதான் முக்கியம், கடை வாசலில் நின்றபோது அந்தப் பயம்தான் முதலில் வந்தது, இருந்தவன் துணியா போனவன் துணியா. இவன் எங்கேயோ உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான், இன்னும் பெருக்கட்டும். இந்தச் சிரிப்பு பாதியில் இருக்கும்போதுதான் பிடரியில் வந்தது. ஊசி முனை. ஒன்று. பக்கத்தில் இன்னொன்று. நாச்சிமுத்து அசையாமல் நின்றார். இல்லை. இருக்காது. நாடாவா? நாடாவுக்கு மட்டும் வெளுப்பு மருந்து போட்டிருப்பார்களோ? மூன்றாவது ஊசி, காலர் உட்காரும் இடத்தில். அவ்வளவுதான், முடிந்தது, எல்லாவற்றுக்கும் ஆசைப்பட்டாய், ஒரு தீக்குச்சியை எரித்துவிட்டுக் குதித்தாய். மறுபடியும் வீட்டில் வெறும் உடம்பின் மேல் ஈரத் துண்டு, மறுபடியும் யாராவது வாசலில் செருப்பைக் கழற்றினால் உள்ளே போய் ஒளிந்துகொள்வது, பத்திரிகை வைக்கக்கூட அண்ணனை அனுப்பிவிட்டுக் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது. சங்கவி கையில் யார் தண்ணீர் வார்ப்பது? அதற்கும் அண்ணனா? கை தானாகப் பிடரிக்குப் போயிற்று. சொறியாதே, சொறிந்தால் பரவும், தொட்டு மட்டும் பார். தொட்டுப் பார்த்த விரலைக் கண்ணுக்கு நேரே கொண்டுவந்தார். விரல் நுனி வேர்வையில் ஒட்டிக்கொண்டு கறுப்பும் வெள்ளையுமாக நாலைந்து மயிர்த் துணுக்குகள். காலை ஏழு மணிக்கு, கோயமுத்தூர் கடைக்குப் போகிறோமே, பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று சலூனில் போய் உட்கார்ந்து முடி வெட்டிக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சரியாகக் குளிக்காமல் வந்தது ஞாபகம் வந்தது. அரிக்கிறதா என்று பார்க்கப் புறப்பட்ட அன்றைக்கு! “கண்ணு, ஒரு ஈரத்துணி குடு.” “அய்யோ, அரிக்குதுங்களா?” “இல்ல, காத்தால வெட்டுன முடி.” “இன்னைக்குத்தான் முடி வெட்டோணுமாப்பா உங்களுக்கு!” அந்தக் கனத்த குரல் விழுந்து விழுந்து சிரித்தது. டெய்சியும் சிரித்தாள். திரையின் இடுக்கு வழியாக வந்த கைக்குட்டையால் பிடரியைத் துடைத்தார், காலருக்குள் விட்டுத் துடைத்தார். ஊசிகள் போய்விட்டன. போய்விட்டனவா? போய்விட்டன. முதுகில் வேர்வை கோடு கோடாக இறங்கியது, சட்டை அதைக் குடித்தது, குடித்துவிட்டுச் சும்மா இருந்தது.

மாம்பழ மஞ்சள். நினைக்க வேண்டாம் என்றால் அதுதான் வந்து நிற்கும். பெரியவள் கோகிலாவின் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டு மரியாதையாக வந்த சட்டை, தட்டத்தில் பார்த்தபோதே என்ன சாயம், எத்தனை சூட்டில் ஏற்றியது எல்லாம் தெரிந்தது. தெரிந்தும் போட்டுக்கொண்டார். எப்படி வேண்டாம் என்பது? ஐந்தாவது நிமிஷத்தில் கழுத்து. அரை மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார், அப்போதெல்லாம் இந்தக் கால் மணிக் கணிப்பு தெரியாது, போகப்போக அடங்கும் என்று நினைத்தார். தாரை வார்க்கக் கூப்பிட்டபோது கண்ணே தெரியவில்லை. மேடையின் பின்படியில் இறங்கிச் சமையல்கட்டுக்கு ஓடினார், சட்டையைப் பிய்த்தபோது ஒரு பொத்தான் சாம்பார் அண்டாப் பக்கம் தெறித்தது, சமையல்காரர் ஒருவர் ஒன்றும் கேட்காமல் டிரம்மிலிருந்து வாளி வாளியாக மொண்டு தலையில் ஊற்றினார். உள்ளே கெட்டிமேளம். ஆல்பத்தில் அந்தப் பக்கத்தை அவர் ஒரே ஒரு தடவை திருப்பினார். கோகிலாவின் கை, மேலே தெய்வாத்தாளின் கை, அதற்கும் மேலே அண்ணனின் கை, அண்ணனின் பச்சைக்கல் மோதிரம். நல்ல படம், வெளிச்சம் நன்றாக விழுந்திருக்கிறது. வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசவில்லை. தெய்வாத்தாள் ஒரு வார்த்தை, திட்டியாவது ஒரு வார்த்தை, கிடையாது. ஆல்பம் பீரோவின் மேல்தட்டில் இருக்கிறது. அந்தப் பக்கத்தைத் தாண்டி அடுத்த பக்கத்துக்குப் போனாலும் விரல் திரும்பி அங்கேதான் வந்து நிற்கிறது, அது மூடியிருக்கும்போதும்.

போன் அடித்தது. இடுப்பு மடிப்பிலிருந்து எடுத்தார். தெய்வாத்தாள். “ஏனுங், எங்க இருக்கறீங்க?” “கடையில.” “என்ன கடையில?” “சட்டைக் கடையிலதான்.” “பழைய சட்டைக் கடையில.” கண்ணாடிக்காரருக்கு முகம் போன போக்கைப் பார்த்தார். “ஆரு சொன்னா?” “கோகிலா சொல்லிப்போட்டா. அக்காளும் தங்கச்சியும் கூடிக்கிட்டுப் பண்ற வேலை எனக்குத் தெரியாதாக்கும்? ஆரு போட்டுக் கழிச்சதோ, இருக்கறவன் போட்டதோ செத்தவன் போட்டதோ.” “இருக்கறவன்தான். பெருத்துட்டானாமா.” “என்னது?” “பெருத்துட்டான். சீட்டுல எழுதியிருக்கான், அவன் பெருத்துட்டான், சட்டை பெருக்கலைன்னு.” அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் கைநழுவிய சத்தம், அப்புறம் சிரிப்பை மூக்கில் அடக்கும் சத்தம். முப்பது வருஷமாக அதே சத்தம். “சிரிக்கறயா?” “நானெங்க சிரிக்கறேன். சம்பந்தி வீட்டுல பட்டுச் சட்டை எடுத்து வெச்சிருப்பாங்க, அதுக்கு என்ன பண்ணுவீங்க?” “தட்டத்தோட வாங்கிக் கக்கத்துல வெச்சுக்கறேன்.” “கக்கத்துல வெக்க அது என்ன கோழியா? எங்கிட்டக் குடுங்க, நான் மடியில வெச்சுக்கறேன். ஆராச்சும் கேட்டாக் கோயமுத்தூர்ல எடுத்ததுன்னு சொல்லுங்க, அது பொய்யில்லையே. கோடித்துணிக்கு வெக்கற மாதிரி நுனியில மஞ்சள் வெச்சிர்றேன்.” “மஞ்சளும் சாயந்தான் புள்ள.” “அப்ப வேண்டாம், சும்மா இருக்கட்டும்.” இவ்வளவு சுலபமா? இதற்காகவா மூன்று நாளாகத் திருடர்கள் மாதிரி அப்பனும் மகளும் ஜாடையில் பேசிக்கொண்டோம்? சுவரில் சாய்ந்துகொண்டார். வாழைமரம் கட்டுகிறவன் இன்னும் வரவில்லை என்றாள். வருவான் என்றார். பந்திக்கு இலை போதுமா என்றாள். அண்ணனிடம் கேள் என்றார். வெளியே சங்கவி, “அப்பா, கால் மணி தாண்டி எந்நேரமோ ஆச்சு,” என்றாள், இரு என்று திரைக்குக் கையைக் காட்டினார், அவளுக்குக் கை தெரியாது என்பதுகூடத் தோன்றவில்லை.

“அன்னைக்கு உங்கண்ணன் கையி ஐசு மாதிரி இருந்துச்சுங்,” என்றாள்.

என்றைக்கு என்று அவர் கேட்கவில்லை. “கோகிலாளுக்குத் தண்ணி வாக்கறப்ப. நான் அவ கையப் பாக்கவே இல்ல. பின்படிக் கதவத்தான் பாத்துக்கிட்டே ஊத்துனேன். இப்ப வந்துருவீங்க, இப்ப வந்துருவீங்கன்னு.” நான்கு வருஷமாக அவள் வாயைத் திறக்காதது கோபத்தினால் என்று நினைத்துக்கொண்டிருந்தார். “வந்தேன் தெய்வா,” என்றார். “அந்தக் கதவுக்குப் பின்னாலதான் நின்னேன். தலையெல்லாம் தண்ணி சொட்டுது. சட்டையில்லாம எப்படி மேடையேர்றது?” “வந்திருக்கலாம்.” “வெத்துடம்போடயா? அத்தனை சனத்துக்கு முன்னால?” “ஆமா. அப்படியே வந்திருக்கலாம். ஈரத்தோட வந்து நின்னிருந்தா எனக்கு என்ன? நீல கையோட வந்தவருதானே நீங்க.” சொல்வதற்கு நிறைய இருந்தது, எல்லாம் ஒரே நேரத்தில் வாசலுக்கு வந்து நெருக்கிக்கொண்டு நின்றது. கண்ணிலிருந்து இறங்கியதும் நெற்றியிலிருந்து இறங்கியதும் தாடையில் ஒன்றாகச் சேர்ந்து காலரில் விழுந்தன. கன்னத்தைத் தோளில் துடைத்துக்கொண்டார். அவள் கை எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தார், வியாழக்கிழமை, கீழே சங்கவியின் கை, நடுவில் இவள் கை, வளையலில் தண்ணீர் பட்டுத் தெறிக்கும், இவருடைய கை மேலே இருக்கும், இப்போது நீலமில்லை, சுருக்கம்தான். செம்பை யார் பிடிப்பது, அவளா இவரா? செம்பு பெரியதா சின்னதா? எடுத்து வைத்திருக்கிறாளா, கேட்க வேண்டும்.

“ஏனுங், இருக்கறீங்களா?”

“இருக்கறேன். தாரை வாக்கற செம்பு எங்க, பீரோவுலயா?”

“செம்பு கெடக்கட்டும்,” என்றாள் தெய்வாத்தாள். அவள் குரல் சின்னதாகிவிட்டிருந்தது. “போட்டுக்கிட்டுத்தானே நிக்கறீங்க? அரிக்குதா?”

“எது?” என்றார் நாச்சிமுத்து.